பெருங்காயம் பன்னிரண்டு

அச்சுவேலிக்குப் புறத்தே, தோட்டவெளி முடிகிற இடத்தில் நிற்கிறது அந்தத் தூள் மில். மிளகாய்த்தூள், கறித்தூள், ரசத்தூள் மூன்றும் அங்கேதான் அரைபடுகின்றன. காற்று றோட்டுப் பக்கம் திரும்பினால், சைக்கிளில் போகிறவன் தும்மாமல் அந்த இடத்தைத் தாண்டமாட்டான்.

ரசத்தூள் பகுதிக்குப் பொறுப்பு கனகாம்பிகை. புத்தூர்க்காரி. ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. கலியாணம் முடித்த நாள்தொட்டு ஊராருடைய வெங்காயப் பாத்திகளில் புல்லுப் பிடுங்கியவள். "எடியே, இஞ்சாலை வா" என்று கூப்பிட்டவர்களைத்தான் அதுவரை கண்டிருந்தாள். மில்லுக்கு வந்த பிறகுதான் "அக்கா" ஆனாள். இரண்டொரு வருடத்தில் களஞ்சிய அறையைப் பூட்டித் திறக்கிற திறப்பும் அவள் இடுப்பில் ஏறியது. வீட்டுக்கு வந்தாலும் அது இறங்காது.

"உதைக் கழட்டி வைச்சிட்டுப் படன். உன்ரை மல்லியைக் களவெடுக்க ஆரும் வரமாட்டாங்கள்" என்பார் புருஷன் தம்பிஐயா.

"மல்லி போனால் வேறை வாங்கலாம். திறப்புப் போனால் ஆர் என்னை அக்கா எண்டுறது?"

பகிடியாகத்தான் சொல்லுவாள். ஆனால் உள்ளே ஒரு பயம் இருந்தது. மிளகாய் அரைக்கிற நாட்களில் அவளுக்கு நெஞ்சு இறுகும். மூச்சு விசிலடிக்கும். கிளினிக்கில் ஆஸ்மாத் தொய்வு என்று சொல்லி, வாயில் வைத்து இழுக்கிற பம் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். "என்ன வேலை செய்யிறனீங்கள் அம்மா?" என்று டொக்டர் கேட்டபோது, "வீட்டிலை சும்மா இருக்கிறன்" என்று கூசாமல் சொல்லிவிட்டு வந்தாள். ஏனென்றால், முன்பு மிளகாய் அரிக்கிற பிள்ளை ஒருத்தி இருமி இருமிக் கொண்டு நின்றாள். ஒருநாள் அவளைக் காணவில்லை. "இருமல்காரி எண்டு வீட்டை அனுப்பிப் போட்டினம்" என்று மில்லுக்குள் ஒரு கதை. அந்தக் கதை கனகாம்பிகையின் காதில் விழுந்து அங்கேயே குடியிருந்துவிட்டது.

ஆகவே, நெஞ்சு இறுகும் போதெல்லாம் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்வேலிப் பக்கத்து இளம் பனை வடலிக் கூட்டத்துக்குள் மறைந்துவிடுவாள். பொதி கட்டுகிற வினோஜா துடியாட்டமான பெட்டை. அவள் விடுவாளா?

"அக்கா வடலிக்குள்ளை ஆரோடை போன் கதைக்கப் போறா? அத்தானுக்குச் சொல்லட்டே?"

"சொல்லடி. அந்த மனிசனுக்கும் கொஞ்சம் பொறாமை வரட்டும்."

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாளில், கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து புதுக் கட்டளை வந்தது. வேலையிடத்தில் யாருக்குக் காயம், யாருக்கு நோய் என்று மாதாமாதம் எழுதி அனுப்பவேண்டுமாம். படிவம் முகாமையாளர் கிறிஸ்துநாயகத்தின் போனுக்கு வந்த அன்று, அவருடைய மாதா கோயிலில் கொடியேற்றம். மனிசன் வெள்ளைச் சேட்டோடு அவதிப்பட்டு அதை அச்செடுத்தார். அவசரத்தில் தலைப்புப் பகுதி வெட்டுப்பட்டு, கீழே இருந்த கட்டங்கள் மட்டும் வந்தன.

"அக்கா, மற்றப் பகுதியெல்லாம் இல்லை எண்டு போட்டாச்சு. உங்கடை ரசத்தூள்தான் மிச்சம். கெதியா நிரப்பி அனுப்பிவிடுங்கோ" என்று சொல்லியபடியே மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

கனகாம்பிகை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் கட்டத்தை வாசித்தாள். 'பெருங்காயம்: எத்தனை?'

அவளுக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று. மற்றப் பகுதிகள் இல்லை என்று போடத்தானே வேண்டும்! மிளகாய்த்தூளுக்கு எவன் பெருங்காயம் போடுவான்? களஞ்சிய அறைக்குப் போய் டின்களை எண்ணினாள். பெருங்காயம்: பன்னிரண்டு. 'சிறுகாயம்' என்று அடுத்த கட்டம். சின்ன டின்னைத்தான் கேட்கிறார்கள் போலும். நாலு. 'பாதிக்கப்பட்டு வேலைக்கு உதவாமற் போனவை' என்று அதற்கடுத்தது. அதைத் தமிழாக்கியவர் எந்த மில் பக்கமும் தலை காட்டாதவராக இருக்கவேண்டும். கனகாம்பிகை ஒளிக்காமல் எழுதினாள்: 'ஒன்று. மழைத்தண்ணி பட்டு இறுகிப் போச்சு. பின்வேலிக்கு அங்காலை எறிஞ்சாச்சு.' எடுத்த நடவடிக்கை: 'மிச்சத்தை மூடி இறுக்கி உயரத்தில் வைத்திருக்கு.' நோய்த்தாக்கம்: 'இதுக்கு இல்லை. மல்லிக்குக் கொஞ்சம் வண்டு.'

தோட்டங்களில் புல்லுப் பிடுங்கியவளுக்கு நோய்த்தாக்கம் என்றால் வேறென்ன?

அந்தக் கிழமை முடியமுதல் கொழும்பிலிருந்து ஒரு வான் வந்து மில் வாசலில் நின்றது. கொம்பனியின் பாதுகாப்பு அதிகாரி லெனாட் கையில் மருந்துப் பெட்டியோடு இறங்கினார். குருநகரில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர். இரவிரவாக வந்த களை முகத்தில் தெரிந்தது.

"காயப்பட்ட ஆக்கள் எங்கை?"

"எந்த ஆக்கள் சேர்?" கிறிஸ்துநாயகம் விழித்தார்.

லெனாட் தாளை விரித்து உரக்க வாசித்தார். "பெருங்காயம் பன்னிரண்டு. அதிலை ஒண்டு இறுகிப் போச்சு, வேலிக்கு அங்காலை எறிஞ்சாச்சு." தாளைத் தாழ்த்தினார். "ஆரை ஐயா எறிஞ்சனீங்கள்?"

கிறிஸ்துநாயகத்தின் கை கழுத்துச் சிலுவையைத் தேடியது. "கனகாம்பிகை அக்கா!"

திறப்புக் குலுங்க அவள் வந்தாள். "ஓம் சேர், நான்தான் எறிஞ்சனான்."

"தனியவோ?"

"அதுக்கென்ன, பாரமே? ஒரு கையாலை தூக்கி எறிஞ்சிட்டன்."

"மிச்ச ஆக்களை?"

"ஆக்களோ?" கனகாம்பிகை முகவாயில் கைவைத்தாள். "நில்லுங்கோ, கொண்டுவாறன்."

உள்ளே போய், கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, ஒன்றின் மூடியைத் திறந்தாள். மணம் எழும்பி லெனாட்டின் மூக்கில் ஏறியது. அவர் தாளைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். பிறகு கதிரையில் தொப்பென்று இருந்து, கண்ணீர் வரச் சிரிக்கத் தொடங்கினார். கிறிஸ்துநாயகம் சிரித்தார். வினோஜா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மூடி இறுக்கி உயரத்திலை வைச்சிருக்காம்!" என்று யாரோ பின்னாலிருந்து கத்த, கனகாம்பிகைக்கும் விஷயம் பிடிபட்டது. அவள் சிரித்த சிரிப்பில் இடுப்புத் திறப்பே ஆடியது.

சிரிப்பு நடுவில் முறிந்தது. நெஞ்சு இறுகியது. மிளகாய் அரைக்கிற நாள் வேறு. மூச்சு உள்ளே போக மறுத்து விசிலடித்தது. அவள் மல்லிச் சாக்கில் சரிந்து இருந்து கைப்பையைக் காட்டினாள். வினோஜா பாய்ந்து போய்க் கிளறி, பம்மை எடுத்து அவள் வாயில் வைத்தாள்.

"இதுக்கோ அக்கா வடலிக்குள்ளை போனனீங்கள்?" பெட்டைக்குக் குரல் உடைந்தது. "நான் விசரி, பகிடி பண்ணிக்கொண்டு திரிஞ்சன்."

மூச்சுத் திரும்பியதும் கனகாம்பிகை சொன்ன முதல் சொல், "எனக்கு ஒண்டுமில்லை சேர். சிரிச்சதாலை வந்தது."

"மிளகாய் அரைக்கேக்கை வாறதில்லையோ?" லெனாட் மெதுவாகக் கேட்டார்.

இவ்வளவு பேர் பார்த்த பிறகு எதை ஒளிக்கிறது? "வாறதுதான்." இடுப்புத் திறப்பைக் கழற்றி, பெருங்காய டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள். "வீட்டை அனுப்பப் போறியளெண்டால் இண்டைக்கே சொல்லிப் போடுங்கோ."

"ஆர் அக்கா உங்களை வீட்டை அனுப்புறது?" என்றார் கிறிஸ்துநாயகம்.

"அந்த அரிக்கிற பிள்ளையை அனுப்பினதுதானே?"

"ஐயோ அக்கா, அவள் கனடாவுக்கெல்லோ போனவள்! கலியாணம் பேசி, விசா வந்த கிழமையே போனவள். எனக்குக் கேக் துண்டும் தந்திட்டுத்தான் போனவள்."

"எனக்குத் தரேல்லை" என்றாள் கனகாம்பிகை.

லெனாட் திறப்பை எடுத்து அவள் கையில் வைத்தார். "அக்கா, நீங்கள் வடலிக்குள்ளை இழுக்கிற மூச்சு கொழும்புக்குக் கேட்காது. எழுதினால்தான் தெரியும். எழுதாட்டி, இந்த மெசின் தங்கமான மெசின் எண்டு நாங்கள் அங்கை நினைச்சுக்கொண்டிருப்பம். வெளியிலை போகவேண்டியது தூசு. நீங்கள் இல்லை."

புதுத் தாள் ஒன்றில், வேலையால் வந்த நோய் என்ற கட்டத்தில், கனகாம்பிகை தன் பெயரைத் தானே எழுதினாள். அவள் பேனையை வைக்கமுதல் வினோஜா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தாள். வறுக்கிற தாச்சி சுட்ட தழும்பு. "எனக்கும் ஒண்டு... ஒண்டுமில்லைத்தான்..."

"அந்த ஒண்டுமில்லையைத்தான் எழுதவேணும்" என்றார் லெனாட். அதற்குப் பிறகு மேசையைச் சுற்றி ஒரே நெரிசல். சாக்குத் தூக்கி முதுகு பிடித்தவர், அரிதட்டில் நகம் போனவள், கண் எரிகிறவன் என்று மில்லே திரண்டு வந்தது. கொண்டுவந்த மருந்துப் பெட்டியும் வீண்போகவில்லை.

இப்போது மிளகாய் அரைக்கிற மெசினைச் சுற்றிக் கண்ணாடி அடைப்பு நிற்கிறது. தூசை உறிஞ்சி எடுக்க ஒரு பெரிய குழாயும் வந்துவிட்டது. கிளினிக் டொக்டரிடம் கனகாம்பிகை தன் வேலையை உள்ளபடி சொல்ல, அவர் மருந்தையும் மாற்றிக் கொடுத்தார். பம் இன்னும் கைப்பையில் உண்டு. ஆனால் வடலிப் பக்கம் போய் மாதக்கணக்காகிறது.

காயமும் நோயும் எழுதுகிற பொறுப்பைக் கொழும்பு அவளிடமே கொடுத்துவிட்டது. வேலை முடிகிற நேரம் ஒவ்வொரு பகுதியாக வருவாள். யாராவது "ஒண்டுமில்லை" என்றால், "எங்கை, அந்த ஒண்டுமில்லையை ஒருக்கால் காட்டு பாப்பம்" என்று கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள்.

போன கிழமை கிறிஸ்துநாயகம் வாசற்படியில் பெருவிரலை அடித்துக்கொண்டார். ஒருவரும் காணவில்லை என்று அங்குமிங்கும் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்தபடி தன் அறைக்குள் நழுவப் பார்த்தார்.

"சேர், அப்பிடியே நில்லுங்கோ." பேனை மூடியைக் கழற்றிக்கொண்டே பின்னால் வந்தாள் கனகாம்பிகை. "எந்தக் கால்?"