போன் அகலத்தில் ஒரு வீடு

தென்காசியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த ஸ்டுடியோவில் மாரிச்செல்வி கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தாள். சுரண்டையிலிருந்து தினமும் பேருந்தில் வருவாள். முதலில் ஆல்பம் டிசைன் செய்யத்தான் சேர்ந்தாள். எடிட்டிங் பார்த்தவர் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார். முகூர்த்தக் காலத்தில் வேறு ஆள் கிடைக்காமல் முதலாளி அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அதன்பிறகு அவள் அதைவிட்டு எழவே இல்லை.

கேட்டதைச் செய்து கொடுப்பாள். மணமக்கள் முகத்தை ரோஜாவுக்குள் வைப்பாள், தாலி கட்டும்போது பூ விழுவதை மெதுவாக்குவாள். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போனில் பாட்டு வீடியோக்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பாள். பாட்டே காதில் விழாமல் பாட்டின் மனசு தெரிகிறதா? இந்த இடத்தில் ஏன் வெட்டினான், அந்த இடத்தில் ஏன் வெட்டாமல் விட்டான்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்தப் பிள்ளைக்குக் காது கேட்காதோ என்று நினைத்ததும் உண்டு.

அந்த வருடம் சாரல் தொடங்குகிற சமயத்தில் முஹ்ஸினா ஸ்டுடியோவுக்கு வந்தாள். மேலகரத்தில் வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். கணவன் அஃப்சல் சவுதியில் ஏ.சி. மெக்கானிக். அவன் அங்கே இருக்க, இங்கே அவர்களுடைய புது வீடு எழுந்து முடிந்திருந்தது. அந்த வீட்டைப் பற்றி அவளே ஒரு பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, திருநெல்வேலியில் போய்ப் பதிவும் செய்திருந்தாள். அதற்கு ஒரு வீடியோ வேண்டும்.

“என் மொகம் மட்டும் வேண்டாம்க்கா. மத்தபடி ஒங்க இஷ்டம்” என்றாள்.

பாட்டு எளிமையானது. ‘நீ கேட்ட ஜன்னலில் காற்று வந்தாச்சு, நீ சொன்ன வாசலில் வெயில் வந்தாச்சு, நீ மட்டும் இன்னும் வரலையே’ என்று போகும். குரலில் அழுகை இல்லை. அடுப்படியில் வேலை செய்துகொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல் பாடியிருந்தாள்.

மாரிச்செல்வியும் கேமராமேன் ரிஃபாத்தும் ஒரு வாரம் சுற்றினார்கள். ஐந்தருவிப் பக்கம் எழும் நீர்ப்புகை, இலஞ்சி வயல்கள், மேகம் இறங்கிய மலை. பாட்டில் காற்று என்று வந்தால் தென்னை ஆடியது. வெயில் என்று வந்தால் வெயில் அடித்தது. வரலையே என்னும் இடத்தில் குடை பிடித்த ஒரு பெண் முதுகு காட்டி அருவியைப் பார்த்து நின்றாள். ரிஃபாத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

முஹ்ஸினா முழுவதையும் பார்த்தாள்.

“ரொம்ப அழகா இருக்குக்கா. ஆனா இது என் பாட்டு இல்லியே.”

மாரிச்செல்விக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை. வீட்டுக்குப் போகும் பேருந்தில், தன் வீடியோவையே சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். பாவூர்சத்திரம் தாண்டுவதற்குள் கோபம் போய்விட்டது, பயம் வந்துவிட்டது. அந்தப் படங்களுக்கு எந்தப் பாட்டை வேண்டுமானாலும் போடலாம். காதல் பாட்டு, பக்திப் பாட்டு, குற்றாலம் விடுதி விளம்பரம், எதுவும் பொருந்தும். பாட்டு சொன்னதையே படமும் திரும்பச் சொல்லியிருந்தது. சொல்லாத ஒன்றைக்கூட அது காட்டவில்லை. ரோஜாப்பூ வைத்து வைத்து நமக்கு வேறொன்றும் வராமலே போய்விட்டதோ என்று நினைத்தாள்.

மறுநாள் முஹ்ஸினாவுக்குப் போன் செய்தாள்.

“ஒன் வீட்டுக்காரர் இந்த வீட்டைப் பாத்துருக்காராட்டீ?”

“எங்க பாத்தாவ? அஸ்திவாரம் தோண்டுறதுக்கு முன்னாடியே போயிட்டாவ. எல்லாம் போன்லதான். நான் எடுத்து எடுத்து அனுப்புவேன்.”

“அதெல்லாம் வச்சிருக்கியா?”

“ஒண்ணைக்கூட அழிக்கலக்கா.”

மாரிச்செல்வி அவற்றை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். தோண்டிய குழி, இடுப்பளவுச் சுவர், கான்கிரீட் போட்ட அன்று நனைந்த சாக்குகள், டைல்ஸ் ஒட்டாத தரை. சிலவற்றில் முஹ்ஸினாவின் விரல் பாதியை மறைத்திருந்தது. பேசிக்கொண்டே பதிவு செய்த சிலவற்றில் அஃப்சலின் குரலும் கேட்டது. “கொஞ்சம் எடது பக்கம் காட்டு... இன்னும் கொஞ்சம்... அங்கன என்ன இருக்கு?”

இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டே இருந்த அந்தக் குரல்தான் அவளுக்கு வழியைக் காட்டியது. போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த வீடியோ வந்தால் இரண்டு ஓரத்தையும் அதே படத்தை மங்கலாக்கி நிரப்பிவிடுவதுதான் வழக்கம். இந்த முறை ஓரங்களைக் கறுப்பாகவே விட்டாள். திரையின் நடுவில் ஒரு போன் அகலத்துக்கு மட்டும் வீடு. சிமெண்ட் நிறத்தைத் தொடவில்லை, தாளத்துக்கு வெட்டவும் இல்லை. ஒரு சரணம் முழுவதும் முஹ்ஸினா அறை அறையாக நடந்து காட்டும் ஒரே காட்சியை அப்படியே ஓட விட்டாள்.

“என்னக்கா, ரெண்டு பக்கமும் கருப்பட்டி மாதிரி இருக்கு? பாக்கிறவன் போன்ல கோளாறுன்னு நெனைப்பான்” என்றான் ரிஃபாத்.

“நெனைக்கட்டும்லே. அந்தக் கருப்புல என்ன இருக்குன்னு அவனுக்கும் தெரியக் கூடாது. அஃப்சலுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானே?”

ரிஃபாத் மறுபடியும் ஓட்டிப் பார்த்தான்.

முஹ்ஸினா இந்த முறை மாமியாரையும் கூட்டி வந்திருந்தாள். ஹாஜரா பீவி திரைக்கு அருகில் நகர்ந்து, கறுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறவர் மாதிரித் தலையைச் சாய்த்தார். “எம் மவன் இப்படித்தானே பாத்துருப்பான், என்ன?” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். முஹ்ஸினா மாரிச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிச் சரணம்தான் பாக்கி. பாட்டில் அங்கே கணவன் வந்துவிடுகிறான். முதுகைத்தானே காட்டப் போகிறோம், நானே பெட்டியோடு நடந்து வருகிறேன் என்றான் ரிஃபாத். முஹ்ஸினா ஒத்துக்கொள்ளவில்லை. “அவ்வொ வராம வந்த மாதிரி காட்டாதிய. மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு.” ஆகவே காத்திருந்தார்கள். ஆடி மாதத்தில் அஃப்சலுக்கு விடுப்பு கிடைத்தது. படம் எடுக்கலாமா என்று போனில் கேட்டதற்குச் சிரித்தான். “எடுங்க. நான் அழுவுற மாதிரி மட்டும் எடுத்துராதிய.”

அவன் வருகிற நாளில் மழை கொட்டியது. மாரிச்செல்வியும் ரிஃபாத்தும் கேமராவோடு காலையிலேயே புது வீட்டுக்கு வந்துவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டேன், காரில் ஏறிவிட்டேன் என்று அஃப்சல் போனில் பேசினான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன் அணைந்திருந்தது. வழியில் ஆரியங்காவுப் பக்கம் மண் சரிந்து மரம் விழுந்து வண்டிகள் நிற்கின்றன என்று யாரோ சொன்னார்கள். ஒரு கார்மேல் விழுந்தது என்றும் சொன்னார்கள். அது யாருடைய கார் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஹாஜரா பீவி தொழுகைப் பாயை விட்டு எழவில்லை. முஹ்ஸினா தையல் மெஷினில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே இருந்தாள். ஊசியில் நூல் இல்லை என்பதை மாரிச்செல்வி பார்த்தாள். சற்று முன்புவரை வெளிச்சம் குறைகிறதே, காட்சி கெட்டுவிடுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்ததை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“கேமராவைக் கட்டி வச்சிருலே. ஒண்ணும் எடுக்க வேண்டாம்” என்றாள்.

அந்திக்கு எல்லாரும் முன்வாசலில் போய்த் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்குள் விளக்குப் போடவேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் இல்லை. ரிஃபாத் ஸ்டாண்டை மட்டும் எடுத்துப் போயிருந்தான். கேமராவைப் பையில் வைக்க மாரிச்செல்வி ஹாலுக்குள் வந்தாள்.

பின்பக்கம் கதவு திறந்தது. ஈரச் செருப்பின் சத்தம். அடுப்படி வழியாக ஒருவன், தோளில் பையுடன், இருட்டுக்குள் வந்து நின்றான்.

“ஸ்விட்ச் எங்கன இருக்கு?”

போனில் கேட்டுக் கேட்டுப் பழகிய குரல். பதில் சொல்வதற்கு முன்பே மாரிச்செல்வியின் விரல் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டது. அவன் சுவரைத் தடவினான். ஜன்னல் பக்கம் தடவினான், அலமாரி மேல் கை இடித்தது, “ஸ்விட்ச் எங்கன இருக்கு?” என்று மறுபடியும் கேட்டுக்கொண்டே கதவுக்குப் பின்னால் துழாவினான். தன் சம்பளத்தில் கட்டிய வீட்டில் விளக்குப் போடத் தெரியாமல் நின்ற அந்த ஆள், கடைசியில் ஒன்றைத் தட்டினான். ஹால் முழுக்க வெளிச்சம் விழுந்தது. அவன் தலையைத் தூக்கி, ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை மெதுவாகப் பார்த்தான்.

“உம்மா!”

வாசலில் நின்றவர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். மாரிச்செல்வி கேமராவை அணைத்துவிட்டாள். அதற்கு மேல் எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. வாசல்படியில் போய் உட்கார்ந்து, மழையைப் பார்த்துச் சத்தமில்லாமல் அழுதாள். ரிஃபாத் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “வந்துட்டாரு பாத்தியளா, வந்துட்டாரு” என்று அவளுக்குத் தெரியாததைப் போலத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

நடந்தது பெரிதாக ஒன்றுமில்லை. சாலை அடைபட்டதும் அஃப்சல் புனலூரிலேயே காரை விட்டுவிட்டு ரயிலுக்குக் காத்திருந்து ஏறிவிட்டான். போனில் சார்ஜ் இல்லை. முன்தெருவில் தண்ணீர் நின்றதால் ஆட்டோக்காரர் பின்சந்தில் இறக்கிவிட்டார். சாப்பிடக் கை கழுவப் போனவன் சாமான் அறைக் கதவைத் திறந்துவிட்டு முழித்தான். ஹாஜரா பீவி அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

கடைசிச் சரணத்தை மாரிச்செல்வி பலவிதமாகச் செய்து பார்த்தாள். கறுப்பு ஓரங்கள் மெல்ல மெல்ல விலகுவதாக வைத்தாள்; அது கல்யாண வீடியோ மாதிரி இருந்தது. எடுத்துவிட்டாள். இசையை நிறுத்தி, அவன் கேள்வியைக் கேட்கவிட்டு, தடவும் கையைப் போன் அகலத்துக்குள்ளேயே வைத்து, விளக்கு எரிகிற நொடியில் திரையை முழுதாகத் திறந்தாள். ஒரே வெட்டு. கண் கூசியது. அதன்பிறகுதான் முஹ்ஸினாவின் குரல் திரும்ப வந்தது. அவள் முகம் எங்கேயும் இல்லை.

வீடியோ வெளியான மறுநாள் முஹ்ஸினா போன் செய்தாள்.

“அக்கா, கடையநல்லூர்க்காரர் ஒருத்தர் துபாய்ல இருந்து வீடியோவுக்குக் கீழ எழுதிருக்காவ, கேளுங்க. ‘எங்க வீட்டு ஹால் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு இன்னைக்கு போன்ல வீட்டுக்காரிகிட்ட கேட்டேன். எதுக்குக் கேக்குதியன்னு அவ சிரிச்சா. நானும் சிரிச்சேன்.’ அவ்வளவுதான் எழுதிருக்காவ.”

மாரிச்செல்வி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“அஃப்சல் எங்க?” என்று கேட்டாள்.

“மோட்டார் போடப் போனாவ. ஸ்விட்சத் தேடிட்டு இருக்காவ போல, இன்னும் தண்ணி வரல” என்றாள் முஹ்ஸினா.