மாடி நிறைய வெயில்

எங்கள் வீட்டு மாடியில் எட்டு சோலார் தகடுகள் இருக்கின்றன. அவற்றைத் துடைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காக்கை எச்சம் காய்ந்து வெள்ளையாகக் கிடக்கிறது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாடிப்படி ஏற இப்போதும் காலில் தெம்பு இருக்கிறது, மனசில்தான் இல்லை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் லைன்மேனாக இருந்தவன். பாகூர், வில்லியனூர் பக்கத்தில் நான் ஏறாத போஸ்ட் குறைவு. கரிக்கலாம்பாக்கத்தில் நாங்கள் வீடு கட்டியபோது சுற்றிலும் நெல்வயல். பிறகு வயலெல்லாம் மனையானபோது, மனைக்கு மனை கம்பி இழுத்துக் கொடுத்தவனும் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

என் மனைவிக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே வரும் வியாதி. அரியூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். காற்றை உறிஞ்சி, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் மெஷின். கரண்டில் ஓடுவது. அது நாள் முழுக்க உஸ், டக், உஸ், டக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். “உங்க கொறட்டைக்கு இது எவ்வளவோ தேவலாம்” என்பாள் அவள். மெஷின் ஓயாமல் ஓடியதில் கரண்ட் பில் ஏறியது. அதனால்தான் சோலார் போட்டேன்.

தகடு மாட்டிய அன்று அவள் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு மாடிப்படி அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

“சூடு பட்டுத்தான் கரண்ட் வருதா?”

“சூடு இல்லடி, வெளிச்சம். சூடு ஏறினா கரண்ட் கொஞ்சம் கொறையும்.”

தகட்டுக்குள் சிலிக்கான் இரண்டு அடுக்காக இருக்கிறது என்று சொன்னேன். வெளிச்சம் பட்டதும் உள்ளே இருக்கிற எலக்ட்ரான்கள் கழன்றுகொள்ளும். அடுக்கின் அமைப்பு அப்படி, அதுகளால் ஒரே பக்கமாகத்தான் போக முடியும். ரேஷன் கடை வரிசை மாதிரி. அந்தப் போக்குதான் கரண்ட். ஆனால் வீட்டு ஃபேனுக்கும் மெஷினுக்கும் வேண்டியது முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுகிற கரண்ட். அப்படி மாற்றிக் கொடுப்பது சுவரில் மாட்டியிருக்கும் இன்வெர்ட்டர் பெட்டி. அந்தப் பெட்டி தானாகத் தாளம் போடாது. தெரு லைனில் ஓடுகிற தாளத்தைக் கேட்டு, பஜனையில் பின்பாட்டுப் பாடுகிறவன்போலக் கூடவே பாடும்.

“அப்ப தெருவுல கரண்ட் போனா?”

“இதுவும் நின்னுடும்.”

“மேல அவ்ளோ வெயில் அடிச்சாலுமா?”

“அடிச்சாலும்.”

“அப்ப இன்னாத்துக்குங்க இது?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போஸ்டில் ஏறும் முன் நாங்கள் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. என் உயிர் என் பையில் இருக்கிறது என்று ஒரு தைரியம். ஆனால் தெருவில் பத்து வீட்டு மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குத் திரும்பி வந்தால், பையில் இருக்கும் கட்டை என்ன செய்யும்? மேலே இருப்பவன் கருகிவிடுவான். அதனால்தான் லைன் செத்தால் பெட்டியும் அடங்கிவிடும்படி செய்திருக்கிறார்கள். இதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். “நல்லதுதான்” என்று தலையாட்டினாள்.

மாட்ட வந்தவர், “ஆக்சிஜன் வச்சிருக்கீங்க, பேட்டரியும் சேர்த்துப் போட்டுக்கலாமே சார், தெருவுல கரண்ட் போனாலும் மெஷின் ஓடும்” என்றார். நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஆட்கள் யாரும் வீட்டில் பேட்டரி வைத்துக்கொண்டதில்லை. வைத்துக்கொள்வது எங்களுக்குள் ஒரு கௌரவக் குறைச்சல். “லைன்மேன் வூட்டுல பேட்டரியா? ஒரு போன் போட்டா நம்ம பசங்க வந்து கரண்ட் குடுத்துட்டுப் போவாங்க” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டரி வேண்டும் என்று அவளே சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அந்த மழைக்காலத்தில் புயல் அடித்தது. சாயங்காலம் போன கரண்ட் மறுநாள் முழுக்க வரவில்லை. அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்ன சிலிண்டரைத் திறந்து, மிகக் குறைவாக வைத்து ஓட்டினோம். அதற்கடுத்த நாள் விடிந்தபோது வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. சிலிண்டர் மீட்டரில் முள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது.

எதிர்வீட்டுக்காரர் டிராக்டர் வைத்திருக்கிறார். எட்டு மணிக்கு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். “ரோட்டுல தண்ணி நிக்குது, கார் போவாது. இதுல ஏத்துங்கண்ணே, அரியூருக்கு நான் இட்டுனு போறேன்” என்றார். நான் செக்‌ஷன் ஆபீசில் இருந்த எங்கள் ஆட்களுக்கு போன் போட்டேன். பத்து மணிக்குள் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். பொய் சொல்லவில்லை. அவர்களும் இரண்டு நாளாகத் தூங்காமல் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். டிராக்டர் குலுக்கலை அவள் தாங்க மாட்டாள் என்றும் நினைத்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், என் ஆட்கள் கொடுத்த வாக்கை நம்பாமல் டிராக்டரில் ஏற எனக்கு மனம் வரவில்லை.

“பத்து மணிக்கு வந்துடும்பா. நீ போ” என்று அனுப்பினேன். அவர் கீழூர் பக்கம் அக்கா வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

“வந்துடுமாங்க?” என்று அவள் கேட்டாள்.

“வந்துடும்” என்றேன்.

பத்து மணிக்கு வரவில்லை. தெருமுனையில் சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி, என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவர் மேலே ஏறி நிற்பது வாசலிலிருந்தே தெரிந்தது. சிலிண்டர் தீர்ந்தது. ஆம்புலன்ஸ் பாதி வழியில் விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. டிராக்டர்காரருக்கு போன் போகவில்லை. பக்கத்து வீட்டம்மாவை அவள் தலைமாட்டில் உட்காரவைத்துவிட்டு, டூல் பையோடு மாடிக்கு ஓடினேன்.

மழை கழுவிவிட்ட தகடுகள் பளபளவென்று இருந்தன. புழுதி இல்லை, குளிர்ந்த காற்று, கொட்டுகிற வெயில். சோலாருக்கு வருஷத்தில் இதைவிட நல்ல நாள் வராது. ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன். முந்நூறு வோல்டுக்கு மேல் வந்து நின்றது. அப்படியே கொடுத்தால் மெஷின் எரிந்துபோகும். ஒயரை மறுபடி மாட்டினேன். மாற்றிக் கொடுக்க வேண்டிய பெட்டியோ கீழே சிவப்பு விளக்கோடு லைனுக்காகக் காத்திருந்தது. அதை உடைக்கலாம் போல இருந்தது. தெருமுனையைப் பார்த்தேன். அவர் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். பெட்டி செய்வது சரிதான். யாரைத் திட்டுவதென்றே தெரியாமல் அந்த வெயிலில் நின்று அழுதேன்.

கீழே இறங்கியபோது அவள் உதடு நீலமாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள், மூச்சு எட்டவில்லை. வந்துடுமா என்றுதான் கேட்டிருப்பாள். “வந்துடும்டி, வந்துடும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிடித்த கை தளர்ந்த பிறகும் சொன்னேன். பக்கத்து வீட்டம்மா என் தோளைத் தொட்டு, “போதும்ணே” என்றார்.

ஆட்களைக் கூப்பிட அந்தம்மா வெளியே போனார். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றியது. உள்ளே யாரும் அணைக்காமல் விட்டிருந்த மெஷின் உஸ், டக் என்று ஓட ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்வெர்ட்டரும் பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டது.

கம்பத்திலிருந்து இறங்கியவர் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். உடம்பெல்லாம் சேறு, கண் சிவந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது.

“மத்த தெருவையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்னு உங்க லைனைத்தான் மொதல்ல எடுத்தேண்ணே. அண்ணிக்கு மெஷின் ஓடுதா?”

“ஓடுதுப்பா” என்றேன்.