நெய்வேலிக்கு வந்து சேர்ந்த ஒரு பிரிட்டிஷ் தோல்வி

சுற்றிப் பார்க்க யாரும் மே மாதத்தில் நெய்வேலிக்குப் போக மாட்டார்கள். நானும் அதற்காகப் போகவில்லை. இங்கிலாந்திலிருந்து கவிதா போன் செய்திருந்தாள். என் கல்லூரி நண்பன் இளங்கோவின் மனைவி. அவளை அங்கே விட்டுவிட்டு அவன் மட்டும் நெய்வேலிக்கு வந்திருந்தான்.

"மூணு வாரமா அவரு போனை எடுக்கலண்ணா. திரும்பி வரப்போறாரா இல்லையான்னு மட்டும் நேர்ல கேட்டுச் சொல்லுங்க."

வீட்டில் எனக்காகக் காத்திருக்க ஆள் கிடையாது. அதனால் இந்த மாதிரி வேலைகள் என் தலையில்தான் வந்து விடியும்.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறரைக்குப் பேருந்து. ஏறக்குறைய நூற்றெழுபது கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். பண்ருட்டியில் நிற்கும்போது பலாச்சுளை வாங்கிக்கொள்ளுங்கள், பத்து சுளை ஐம்பது ரூபாய். நானும் வாங்கினேன். பகிர்ந்துகொள்ளப் பக்கத்து இருக்கையில் யாருமில்லை.

டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். இருபத்தோராவது பிளாக்குக்கு நூற்றைம்பது ரூபாய். தெரு முனையிலேயே டிரைவர் வண்டியை அணைத்துவிட்டார்.

"இங்கியே எறங்கிக்குங்க சார். ஸ்க்ரீன் போட்டிருக்கிற வூடெல்லாம் நைட் ஷிப்ட்டு, தூங்கிகினு இருப்பாங்க. சத்தம் கேட்டா திட்டுவாங்க."

அந்தச் சுரங்க ஊரில் இது எழுதாத சட்டம். பகலில் திரை மூடியிருந்தால் காய்கறி வண்டிக்காரர்கூடக் கூவாமல் தாண்டிப் போவார்.

குவார்ட்டர்ஸ் இளங்கோவின் தம்பியுடையது; அண்ணன் தம்பி இருவரும் வளர்ந்ததும் இந்த ஊரில்தான். தம்பி குடும்பம் லீவுக்குத் திருநெல்வேலி போயிருந்தது. இளங்கோ மட்டும் தனியாக, பனியனோடு, நேற்றைய சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். எனக்கும் ஊற்றினான்.

கவிதா அங்கே டாக்டர். சுரங்கம் மூடிப் பல காலமான ஒரு வட இங்கிலாந்து ஊரில், சென்ற பொதுத்தேர்தலில் எம்.பி. பதவிக்கு நின்று, கொஞ்ச ஓட்டில் தோற்றாள். அங்கேயும் நம் ஊர் முறைதான். நாம்தான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். தொகுதியில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவர் ஜெயித்தார், மற்றவருக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே கட்சிக்காரர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். இளங்கோவுக்கும் சில தெருக்களைக் கொடுத்திருந்தார்கள்.

"ஸ்க்ரீன் மூடியிருந்த வீட்டையெல்லாம் விட்டுட்டேன்டா," என்றான். "கை பெல்லுகிட்ட போகவே இல்ல. நைட் ஷிப்ட் ஆளு தூங்குறான்னுதான் தோணுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அதெல்லாம் தனியா இருக்கிற பெருசுங்க. டி.வி. பாக்க ஸ்க்ரீனை இழுத்து விட்டிருக்காங்க. யாராவது வந்து தட்ட மாட்டாங்களான்னு இருந்தவங்க. அந்த ஓட்டு இல்லாமத்தான் அவ தோத்தா."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவனுக்கு அது கடல் தாண்டியும் போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

தேர்தலைப் பற்றிக் கவிதா போனில் சொன்னதைச் சொன்னேன். தான் ஏன் தோற்றோம் என்று அவள் எப்போதோ யோசித்து முடித்துவிட்டாள். விலைவாசி, ஆஸ்பத்திரிக் காத்திருப்பு, ஆள்பவர்கள்மேல் சலிப்பு, எதிரணி ஓட்டு எத்தனையாகப் பிரிகிறது என்று அந்த நாட்டுத் தேர்தல்களைப் புரட்டுபவை பெரிய காற்றுகள். நாடு முழுக்க அடித்தது அவள் தொகுதியிலும் அடித்தது. தெருவாரியாக ஓட்டைப் பிரித்தும் அறிவிப்பதில்லை. அவன் விட்ட வீடுகள் யாருக்குப் போட்டன என்று யாருக்கும் தெரியாது என்று நானும் சேர்த்துச் சொன்னேன்.

இளங்கோ தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டான்: "அப்ப ரெண்டு வருஷமா நாங்க தெருத்தெருவா நடந்தது எதுக்குடா? என் தப்புன்னு சொன்னா, நாங்க நடந்ததுக்கு ஒரு கணக்காவது இருக்கு. காத்துதான் காரணம்னா அதுவும் இல்ல."

கவிதாவிடம் திரும்பிப் போகிறாயா என்று கேட்டேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?" என்றான். பேச ஆளில்லாத வீட்டிலிருந்து வந்தவன் நான்; ஆள் இருந்தும் பேசாதவன்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. டவுன்ஷிப்பில் நிழலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மதியம் கடைகள் பாதி மூடியிருக்கும். தங்குவதென்றால் வடலூரில் லாட்ஜ் பார்ப்பது நல்லது. சத்திய ஞான சபையையும் அப்படியே பார்த்துவிடலாம். நெருங்கியவர் வீட்டுக்குப் போவதானால் திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே போடாதீர்கள். நான் போட்டிருந்தேன், நான்கு மணிப் பேருந்துக்கு.

பண்ருட்டி தாண்டியதும் கவிதாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தோத்தது நான்ணா," என்றாள். "அதையும் அவரே எடுத்துக்கிட்டாரா?"

அதை ஒரு சொல் மாற்றாமல் இளங்கோவுக்கு அனுப்பினேன். விழுப்புரம் வருவதற்குள் பதில் வந்தது: "அழுதாளா?"

"நீயே கேள்" என்று எழுதிவிட்டுப் போனை அணைத்து வைத்தேன்.