நான்காம் பாரத்து நீலத் தாவணி

மேடையில் பேசுவது எனக்கு வரும். அடக்கத்தின் பொருட்டு இதை மறைத்தால் அது பொய்யாகிவிடும். சங்கரன்கோவிலில் நான் படித்த உயர்நிலைப் பள்ளியின் இலக்கிய மன்றத்தில், பெண்களில் முதன்முதலாகத் தனித்து நின்று பேசியவள் நான். குரல் கடைசிப் பெஞ்சைச் சென்று தொட வேண்டும். முதல் வாக்கியம் முடியும்வரை கையை அசைக்கக் கூடாது. எதிரணியின் வாதத்தை அவர்களைவிட அழகாக எடுத்துரைத்துவிட்டுப் பிறகு உடைக்க வேண்டும். இவற்றையெல்லாம் முறையாகப் பயின்றேன். பயின்றதைச் செய்தும் காட்டினேன். ஆயினும், கலந்துகொண்ட விவாதங்களுள் எதை மிகுதியாக எண்ணிப் பார்த்திருக்கிறேன் என்று கேட்டால், நான் தோற்ற ஒன்றைத்தான் சொல்வேன். பள்ளி மாணவர்க்குச் சீருடை கட்டாயமாக்கப்பட வேண்டுமா என்பதே அதன் பொருள்.

அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தவர் எங்கள் தலைமையாசிரியர். பையன்களில் சிலர் வேட்டியிலும் சிலர் அரைக்கால் சட்டையிலும் வருவதும், நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பட்டுச் சட்டையில் வந்து பெஞ்சின் நடுவில் அமர்வதும் அவருக்குப் பிடிக்கவில்லை. பையன்களுக்குக் காக்கிக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும், பெண்களுக்கு நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் என்று அவர் மனத்தில் முடிவு செய்திருந்தார். பெற்றோர் ஒப்புக்கொள்ள வேண்டுமே! எனவே சரசுவதி பூசை மாலையில் பெற்றோரை வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் விவாதம் நடத்த ஏற்பாடு செய்தார். சீட்டுக் குலுக்கியதில், சீருடை வேண்டும் என்று பேசும் பொறுப்பு ஆறாம் பாரத்து மாணவர் ஒருவருக்கு விழுந்தது. அவர் புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. நாள்தோறும் பஸ்ஸில் வருபவர். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் பேசுவார். வேண்டாம் என்று மறுக்கும் பொறுப்பு, நான்காம் பாரத்தில், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பில், படித்த எனக்கு.

எனக்கு மகிழ்ச்சிதான். எங்கள் ஊர் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு எடுத்த சிவப்புப் பாவாடை ஒன்று என்னிடம் இருந்தது. அதை உடுத்திய நாளில் என் பேச்சே வேறாக இருக்கும் என்று நம்பினேன். நான் எதை உடுத்துவது என்பதைப் பள்ளிக்கூடம் ஏன் தீர்மானிக்க வேண்டும்? இந்தக் கேள்வியை வைத்தே உரையைக் கட்டினேன். நல்ல உரை. சில வாக்கியங்கள் இன்றும் மனப்பாடம்.

இந்த இடத்தில் என் தோழியைச் சொல்ல வேண்டும். நான்காம் பாரத்தில் எனக்கு அடுத்து அமர்ந்தவள். கணக்கில் கெட்டிக்காரி, கேட்டால் மட்டுமே பேசுவாள். ஆவணியில் அவள் பள்ளிக்கு வருவது நின்றது. அவள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அதுவரை பாவாடையும் சட்டையும் உடுத்திய பெண், அதன் பிறகு தாவணி இல்லாமல் தெருவில் இறங்குவதில்லை. ஆகவே ஒரு பெண் முதன்முதலாகத் தாவணியோடு வருகிற நாளில், வீட்டோடு நிற்க வேண்டிய செய்தி ஊருக்கெல்லாம் வாசிக்கப்பட்டுவிடுகிறது. முந்தைய ஆண்டில் ஒரு பெண் அப்படி வந்தபோது, பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "ஏலே, பெரிய மனுஷி வாராலே, கொட்டு அடிங்கலே" என்றான். பெஞ்சுகள் முழங்கின. அவள் தீபாவளி விடுமுறைக்குப் பிறகு வரவேயில்லை.

புரட்டாசி பிறந்தும் தோழி வராததால், அவள் வீட்டில் தடுக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பெண் கல்வியின் சிறப்பைப் பற்றி ஒரு சிற்றுரையை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். அவள் அம்மாவை நான் அத்தை என்று அழைப்பேன். வாசலிலேயே தொடங்கினேன். முதல் வாக்கியத்தையே அத்தை முடிக்கவிடவில்லை.

"படிக்க வேண்டாம்னு இங்கன யாரு சொன்னா? பள்ளிக்கூடம் போட்டீ, போட்டீன்னு நானும் தொண்டை வத்தக் கத்துதேன். அவதான் மாட்டேங்கா. இன்னும் வராட்டா பேரை எடுத்துருவோம்னு பள்ளிக்கூடத்துல சொல்லி விட்டுட்டாவ. அவ அப்பா என்னடான்னா சிவகிரியில ஒரு இடம் இருக்குன்னு சொல்லுதாவ. இவ இப்படி வீட்டோட கெடந்தா நான் எதைச் சொல்லி அந்த இடத்தை மறிக்க? நீயே கேளு, போ."

தோழி உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பச்சைத் தாவணி. எனக்கே ஒரு கணம் யாரோ போலத் தோன்றியது.

"கேட்டுல இருந்து கிளாஸ் வரைக்கும் நடக்கணும்லா?" என்றாள்.

"நடந்தா என்ன?"

"போன வருசம் அவ வந்தப்ப நீயும்தான பாத்த?"

"நான் பக்கத்துல வாரேன். எவன் வாயத் தொறக்கான்னு பாப்போம்."

"நீ பக்கத்துல வந்தா இன்னும் கொண்டாட்டம்தான். பாவாடை ஒண்ணு, தாவணி ஒண்ணு, ஜோடி போட்டு வாராளுவன்னு ரெண்டு பக்கமும் அடிப்பானுவ." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். "உனக்கென்னட்டி? ஊரே கூடி நின்னாலும் உன் பேச்சைக் கேப்பாவ. என்னைப் பாத்தா தாவணியைத்தான பாப்பாவ."

நான் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். அவள் சொன்னதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. பதினைந்து வயதாகியும் பாவாடை சட்டையிலேயே நின்றவள் நான். "உங்க பிள்ள இன்னும் இல்லையா?" என்று எதிர்வீட்டு அம்மாள் என் அம்மாவிடம் கேட்பது எங்கள் வீட்டுக் கூடம் வரை கேட்கும். புளியங்குடிக்காரர் என்னை அழைப்பதே பாப்பா என்றுதான். தாவணியைப் பார்த்து அவளை எடைபோட்டார்கள். அது இல்லாததைப் பார்த்து என்னை எடைபோட்டார்கள். நான்காம் பாரத்துப் பெண்கள் எல்லோருமே தாவணி உடுத்தியாக வேண்டும் என்று ஒரு விதி இருந்தால்? அந்தத் துணி எங்கள் வகுப்பைச் சொல்லும், வேறெதையும் சொல்லாது. வீடு வந்து சேர்வதற்குள், நான் கட்டிய உரை எனக்கே எதிரணியாகிவிட்டது.

அணி மாற வேண்டுமென்றால் எதிராளி ஒப்ப வேண்டும் என்பது எங்கள் மன்றத்தின் வழக்கம். மறுநாள் புளியங்குடிக்காரர் நண்பர்களோடு வராந்தாவில் நிற்கும்போது போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, அணி மாத்திக்கிடலாமா?"

"என்ன பாப்பா, பயந்துட்டியா?"

"பயம்னே வச்சுக்கோங்க."

அந்த இரண்டு சொற்களைவிடக் கடினமான எதையும் நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. நண்பர்கள் ஓவென்று சிரித்தார்கள்.

"சும்மா மாத்த முடியுமா? கஷ்டப்பட்டு எழுதினதாக்கும். ஒண்ணு செய்யி. நீ எழுதினதை எனக்குக் குடு, நான் எழுதினதை நீ வச்சுக்கோ."

"என்னுடையதை வச்சுக்கோங்க. உங்களது எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

"எனக்குப் பேச வரும்னு நாலு பேரு நம்புதாவ, அண்ணாச்சி. எதுக்குக் கெடுத்துக்கிடணும்?"

இம்முறை நண்பர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சரசுவதி பூசையன்று பள்ளியின் பெரிய கூடத்தில் ஆண்கள் பெஞ்சுகளிலும் பெண்கள் இடப்பக்கம் பாயிலும் அமர்ந்தார்கள். அத்தையை நான் வற்புறுத்தி வரச் சொல்லியிருந்தேன். முதலில் பேசியது நான். ஏழை வீட்டுப் பிள்ளையும் நிலக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே துணியில் ஒரே பெஞ்சில் அமரும் காட்சியைச் சொற்களால் வரைந்தேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் எனக்குத் திருப்தி இல்லை. நான் பேச வந்தது அதையல்ல; பேச வந்ததையோ பேச வழியில்லை. பெஞ்சுகளில் அத்தனை ஆண்கள்.

பிறகு புளியங்குடிக்காரர் எழுந்தார். "எங்கள் கடையில் எலுமிச்சம்பழத்தைத்தான் ஒரே அளவாகப் பொறுக்கி மூட்டை கட்டுவார்கள். இந்த மாணவர்களை மூட்டை கட்டி எந்தச் சந்தைக்கு அனுப்பப் போகிறீர்கள்?" என்றார். கூடம் அதிர்ந்தது. அது அவருடைய வாக்கியம், நன்றாகவே இருந்தது. அடுத்து, "எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை கொடுங்கள். கஞ்சி போட்டுத் தேய்த்தது எது, கிணற்றடியில் அலசிப் போட்டது எது என்று கண் கண்டுபிடிக்காதா? வறுமையைத் துணியால் மூட முடியாது, சோற்றால்தான் மூட முடியும்" என்றார். ஆரவாரம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அது என்னுடைய வாக்கியம். சிறிதும் மாற்றாமல், நான் நிறுத்தக் குறித்திருந்த இடத்திலேயே நிறுத்திச் சொன்னார்.

முடிவுரை எனக்கு. அதில்தான் சொன்னேன்: "நம் பள்ளிக்கு வரப்போகும் சீருடையில் ஒரு திருத்தம் வேண்டும். நான்காம் பாரத்திலிருந்து பெண்கள் எல்லோரும் வெள்ளைத் தாவணி உடுத்த வேண்டும். விருப்பமாக அல்ல, கட்டாயமாக."

தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து கேட்டார். "இரும்மா. எல்லாரும் எதுக்கு? வேணுங்கிறவங்க போட்டுக்கிட்டாப் போதாதா? கட்டாயம் என்னத்துக்கு?"

அவர் வஞ்சகமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. விடை என் நாவில் இருந்தது. விருப்பம் என்று விட்டால் விரும்புகிறவள் தன்னை அறிவித்துக்கொண்டவள் ஆகிறாள். எல்லோரும் உடுத்தினால்தான் எவளும் எதையும் அறிவிக்காதிருக்க முடியும். ஆனால் இதைச் சொல்ல வாயெடுத்தால், அடுத்த கேள்வி எதை அறிவிப்பது என்பதாக இருக்கும். அங்கே பின் பெஞ்சுக்காரர்களும் இருந்தார்கள். நான் நின்றேன். குரல் கடைசிப் பெஞ்சைத் தொடப் பயின்றவள், அந்தக் குரல் உதட்டைக்கூடத் தாண்டாமல் நின்றேன்.

"சார்," என்று பாயிலிருந்து ஒரு குரல். அத்தை எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். "வெள்ளை வேண்டாம் சார்."

"என்னம்மா?"

"சின்னப் பிள்ளைகளுக்கு வெள்ளைய எதுக்குப் போடச் சொல்லுதிய? பாக்க நல்லாவா இருக்கும்? எல்லாப் பிள்ளைகளுக்கும் நீலமாப் போடுங்க."

"ஆமா, நீலம்னா அழுக்கும் தெரியாது," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"பாவாடையும் நீலம், தாவணியும் நீலமா? பாவாடை கரு நீலம் இருக்கட்டும், தாவணி இளநீலம்."

"இளநீலம் ரெண்டு துவைப்புல வெளுத்துரும்க்கா."

"கைத்தறியில எடுத்தா ஏன் வெளுக்கு?"

பாய் முழுவதும் பேச்சு எழுந்தது. எந்த நீலம், எத்தனை முழம், கரை வேண்டுமா வேண்டாமா என்று தாய்மார்கள் வாதிட்டார்கள். எல்லோரும் உடுத்த வேண்டுமா என்ற கேள்வியை அதன் பிறகு ஒருவரும் எழுப்பவில்லை. அது எப்போதோ முடிந்துபோன விஷயமாகிவிட்டது. தலைமையாசிரியர் கையைத் தூக்கி அமர்த்திவிட்டு, "சரி, சரி, இளநீலம்" என்று குறித்துக்கொண்டார். அத்தை என்னைப் பார்க்காமல் அமர்ந்தார்.

சிறந்த பேச்சுக்கான பரிசு புளியங்குடிக்காரருக்குக் கிடைத்தது. நான் முடிவுரையை முடிக்கவில்லை என்று நடுவர் காரணம் சொன்னார். அந்தத் தீர்ப்பு தவறானது என்பதே இன்றும் என் கருத்து. பரிசு பெற்ற வாக்கியங்களுள் சிறந்தது என்னுடையது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளி முடிந்து பள்ளி திறந்த அன்று சீருடை நடைமுறைக்கு வந்தது. காலையில் அம்மா எனக்குத் தாவணி உடுத்திவிட்டாள். வாசலில் இறங்கியதும் எதிர்வீட்டு அம்மாள் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி! எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே விசேசத்தை முடிச்சிட்டியளா?"

"விசேசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடத்து யூனிபாரம்," என்றாள் அம்மா உள்ளிருந்து.

"அப்ப இன்னும் இல்லையா?"

"யூனிபாரம்னு சொல்லுதேன்லா!"

அவர் நம்பவில்லை. எனக்கோ உள்ளுக்குள் பெருமிதம்.

பள்ளி வாசலில் தோழி நின்றாள். அவள் தனியாக நிற்கவில்லை. நான்காம் பாரத்துப் பெண்கள் அத்தனை பேரும் இளநீலத்தில் நின்றார்கள். எங்களில் பாதிப் பேருக்கு உடுத்தத் தெரியவில்லை. என்னுடையது படி ஏறுவதற்குள் இரண்டு முறை நழுவியது. "நில்லுட்டி, கொடி மரத்துல துணி சுத்தின மாதிரி இருக்கு" என்று தோழிதான் கொசுவத்தைச் சரிசெய்து செருகிவிட்டாள். வகுப்புக்குள் நுழைந்தோம். பின் பெஞ்சில் ஒருவன் கையை ஓங்கினான். எங்களை வரிசையாகப் பார்த்தான். யாருக்காக அடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

சீருடை ஏற்றத்தாழ்வை அழிக்கும் என்று அன்று நான் முழங்கியது பாதிதான் உண்மை. காக்கிக் கால்சட்டையிலும் கஞ்சியின் மொடமொடப்பு யார் வீடு என்று காட்டிக்கொடுத்தது. அந்த வகையில் என் பழைய உரையே சரி. சிவப்புப் பாவாடையை இழந்த வருத்தமும் இருந்தது. ஒருவர் உடுப்பதை மற்றொருவர் கட்டாயப்படுத்துவது எனக்கு இன்றும் கசப்புத்தான். ஆனால் கட்டாயம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒருத்தி ஒதுங்கி நிற்கவும் கூடும் என்பதை எந்த உரையிலும் நான் கேட்டதில்லை. கொட்டுச் சத்தத்தோடு போன அந்தப் பெண்ணுக்கு இது ஓராண்டு முன்பே கிடைத்திருக்க வேண்டும். தோழிக்குக் கிடைத்தது. அவள் பெயரைப் பள்ளியில் எடுக்கவில்லை. சிவகிரிக்கு அத்தை என்ன சொல்லி அனுப்பினாரோ, அந்தப் பேச்சும் அதோடு நின்றது.

மாசி மாதத்தில் நான் சில நாட்கள் பள்ளிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். திரும்பிப் போன அன்று அதே இளநீலத் தாவணி. வாசலிலிருந்து வகுப்பு வரை நடந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தோழி மட்டும் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காய்ச்சல் போயிட்டாட்டி?"

"போயிட்டு," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே கணக்கு நோட்டைத் திறந்தாள்.