செருப்பைக் கழற்றிவிட்டுச் செய்யும் கொலைகள்

செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள் என்றால் கொலை விழப்போகிறது என்று அர்த்தம். ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் உடனே ஹெட்போன் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். "கோபம் குதிகால்லேர்ந்து கிளம்பணும். தொண்டைலேர்ந்து வந்தா அது வெறும் இருமல்" என்பாள் அந்த டப்பிங்காரி. ஆவேசக்கா என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு மடக்கு வெந்நீர். பிறகு, திரையில் வாயசைக்கும் கதாநாயகிக்காக ஒருவனைக் குத்திக் கிழிப்பாள். முதல் டேக்கிலேயே ஓகே.

மொழி தெரியாத அழகிகளுக்கெல்லாம் பழிவெறி இவள் தொண்டையிலிருந்துதான் சப்ளை. பழைய மேடை நாடகங்களில் பழிவாங்கிய பெண் பக்கம் பக்கமாக வசனம் பேசி, விஷம் குடித்துச் சாக வேண்டியிருந்தது. சினிமா எவ்வளவோ முன்னேறிவிட்டது. அடியாட்களில் எத்தனை பேரை வேண்டுமானாலும் அவள் வெட்டலாம். பெரிய வில்லன் சிக்கும்போது மட்டும் கதாநாயகன் ஓடிவந்து கையைப் பிடிப்பான். அவள் கத்தியைப் போட்டுவிட்டுச் சட்டத்தை நம்பினால் போதும்.

ஆவேசக்காவுக்கும் ஒரு வழக்கு உண்டு. அடித்துத் துரத்திய கணவன் மகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். பிள்ளையைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போனாள். நீதிபதிக்கு ஒரு தடவை பல்வலி, ஒரு தடவை இடமாற்றம். "இப்ப இவ்வளவு வளர்ந்திருப்பா" என்று தன் தோளைத் தொட்டுக் காட்டுவாள். வழக்குப் போட்ட புதிதில் இடுப்பைத் தொட்டுக் காட்டியவள்.

அன்று காலையிலேயே ஒரு கொலையை முடித்துவிட்டாள். மிச்சமிருந்த வசனம் இதுதான்: "சட்டம் இருக்கு. அது எனக்கு நியாயம் கொடுக்கும்." செருப்போடு நின்றே சொன்னாள்.

"அக்கா, நக்கலடிக்கிற மாதிரி இருக்கு" என்றான் டைரக்டர்.

"சாதாரணமாத்தானே சொன்னேன் தம்பி?"

"கொஞ்சம் நம்பிச் சொல்லுங்கக்கா."

"கொலை கேளு, எத்தனை வேணும்னாலும் மூச்சு விடாம பண்ணித் தர்றேன். இதைப் போய்க் கேக்கறியே!"

டேக்குகள் வீணாகிக்கொண்டே போயின. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டாள். இன்று தீர்ப்பு நிச்சயம் என்று வக்கீல் காலையில்தான் அடித்துச் சொல்லியிருந்தார். மகள் வந்து வாசல் கதவைத் தட்டுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். குரல் நடுங்கியது. டைரக்டருக்கே கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்தபோது போன் அடித்தது. வக்கீல்தான். "மறுபடி வாய்தாம்மா. ஜட்ஜ் லீவு. அடுத்த தடவை கண்டிப்பா..."

திரும்பி உள்ளே போய் மைக்குக்கு முன் நின்றாள்.

"தம்பி, காலைல பண்ணின அந்தக் கொலையைப் போடு. இன்னொரு டேக் போவோம்."

"அது அப்பவே ஓகே ஆயிடுச்சேக்கா?"

ஆவேசக்கா செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள்.