குதிரைக்காக இறக்கிய பிக்கப்

வில்லரே பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் அந்தக் கறுப்புப் பிக்கப் வண்டி இப்போதும் நிற்கிறது. சனிக்கிழமை காலையில் எழும்பியதும் என் கணவர் முதலில் ஜன்னல் சீலையை விலக்கி அதைத்தான் பார்ப்பார். பிறகுதான் தேத்தண்ணி. போவதற்கு இடம் ஒன்றும் இல்லை. எனக்கும் சனிக்கிழமை வந்தால் மனம் ஒரு மாதிரி இருக்கும். அதை இவருக்குச் சொல்லி இன்னும் கவலையைக் கூட்டுவானேன் என்று புட்டுக்கு மா குழைக்கப் போய்விடுவேன்.

இவர் துறைமுகத்தில் பல வருடம் கொள்கலன் லொறி ஓட்டியவர். அந்த வேலையை விட்ட கையோடு இந்தப் பிக்கப்பை வாங்கினார். முன்பு வைத்திருந்த யாரோ ஒரு இளந்தாரி, சில்லு அச்சுக்கும் அதைத் தாங்கும் வில்லுத் தகட்டுக்கும் நடுவே இரும்புக் கட்டைகள் வைத்து, பெரிய டயரும் பூட்டி, அதை உயர்த்தியிருந்தான். நான் ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி வேண்டும். இவர் மட்டும் தேரில் ஏறிய சாமி மாதிரி மேலே இருந்து, மற்றக் கார்களின் கூரைகளைப் பார்த்துக்கொண்டு போவார். இறங்கி வந்து வரம் கொடுக்க மாட்டீர்களா என்று நான் பகிடி பண்ணுவேன். அதையும் புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொள்வார்.

எங்களுக்கு ஒரே மகள். நகரத்தின் மற்றப் பக்கம், கோட்-டெ-நெய்ஜில் தனியாக அறை எடுத்து, பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தாள். சம்பளம் கைக்கு வரத் தொடங்கியதும் ஒரு மண்ணிறப் பெண்குதிரை வாங்கிவிட்டாள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஆட்டுக்கு மேல் எவரும் வளர்த்ததில்லை, இந்த ஆசை எந்த வழியால் வந்ததென்று தெரியவில்லை. குதிரை ஆற்றுப் பாலத்துக்கு அப்பால், தெற்குக் கரை லாயம் ஒன்றில் நின்றது. அதை ஏற்றிக்கொண்டு போக ஒரு பழைய ட்ரெயிலரும் எடுத்தாள். கூஸ்நெக் என்பார்கள். அதன் நீண்ட கழுத்து பிக்கப்பின் பின்பெட்டிக்கு மேலாக வந்து, பெட்டியின் நடுவில் இருக்கும் இரும்புக் குண்டில் உட்காரும். ட்ரெயிலர் மகளிடம், இழுக்கிற வண்டி தகப்பனிடம். எங்கள் சனிக்கிழமைகள் அப்படித்தான் தொடங்கின.

மகள் வீட்டுக்கு வந்தால் தகப்பனுக்கும் அவளுக்கும் பேச்சே கிடையாது. சாப்பிட்டியா என்று இவர் கேட்பார், ஓம் என்பாள், அவ்வளவுதான். ஆனால் வண்டி பாலத்தைக் கடந்துவிட்டால் அவளுக்கு வாய் திறந்துவிடும். வார்டில் நடந்தது, மேலதிகாரியின் சிடுசிடுப்பு, விட்டுப் பிரிந்த பெடியன், எல்லாவற்றையும் பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாக முன் சீட்டில் இருந்து தகப்பனுக்குச் சொல்வாள். நான் மீன் ரொட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் நித்திரை மாதிரிக் கிடந்து எல்லாவற்றையும் கேட்பேன். இந்த நாட்டில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

பிறகு குதிரை அடம்பிடிக்கத் தொடங்கியது. மகள் சவாரி போகிற மலைப்பக்கம் கொண்டுபோய் இறக்கும்போது உடம்பெல்லாம் வேர்த்து, கால்கள் நடுங்கிக்கொண்டு நின்றது. ஒரு சனிக்கிழமை ட்ரெயிலரில் ஏறவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. இவர் உடனே நாவூறு, கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டினார். லாயத்தில் நிற்கிற அத்தனை பேரும் தன்னுடைய வண்டியின் உயரத்தையே பார்த்தால் வேறென்ன நடக்கும் என்றார். நானும் விட்டேனா? அடுத்த முறை உப்பும் செத்தல் மிளகாயும் கொண்டுபோய்க் குதிரையைச் சுற்றினேன். அது என் கையைப் பிரித்து உப்பை நக்கப் பார்த்தது. லாயக்காரி வாயைப் பிளந்து நின்றாள். மகள் அவளுக்குப் பிரெஞ்சில் ஏதோ சொல்ல, அவள் மரியாதையாகத் தலையை ஆட்டினாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

லாயத்தில் வைக்கோல் இருக்கிறதே, அங்கே நெருப்பு மூட்ட முடியுமா? சுற்றிய உப்பையும் மிளகாயையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பின் பல்கனியில் ஒரு தகரத்தில் போட்டு எரித்தோம். மிளகாய் எரிந்தும் ஒருவருக்கும் இருமல் வராவிட்டால் நாவூறு பலமானது என்று கணக்கு. அன்றைக்கு நல்ல காற்று, புகை முழுக்கத் தெருப்பக்கம் போய்விட்டது. ஒருவரும் இருமவில்லை. பார்த்தியோ என்றார் இவர், பெரிய வெற்றியோடு.

அடுத்த சனியும் குதிரை ஏறவில்லை. அப்போதுதான் மகள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். பிக்கப் உயரமாக இருப்பதால் ட்ரெயிலரின் மூக்கு மேலே தூக்கி நிற்கிறது, தளம் பின்னுக்குச் சரிகிறது, குதிரை வழி முழுக்கக் கால்களை ஊன்றிக்கொண்டே வரவேண்டியிருக்கிறது. ட்ரெயிலர்க் கழுத்தின் தண்டைக் குறுக்கி மூக்கைக் கீழே பதிக்கலாம், ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது கழுத்து பிக்கப்பின் பெட்டிச் சுவரில் இடிக்கும். வண்டியைத்தான் இறக்கவேண்டும். இவருக்கு ரோசம் வந்துவிட்டது. துறைமுகத்தில் தான் இழுக்காத ட்ரெயிலரா, தனக்கே பாடமா என்று கேட்டார்.

"அப்பா, கொன்ரெய்னருக்குக் கால் இல்லை. இவளுக்கு இருக்கு."

லாயத்தில் ஒருவரிடம் உயரமில்லாத, பதிவான பிக்கப் இருக்கிறது, இனிமேல் அவர் இழுப்பார், நீங்கள் கஷ்டப்படவேண்டாம் என்று அவள் தணிந்த குரலில் சொன்னாள். இவர் சரி என்றார். அந்தச் சரியைச் சொன்ன முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இனி இந்த மனுசனுக்கு மகளின் கதை எங்கே கிடைக்கப்போகிறது? எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும், கோபம்தான் வந்தது.

"அவ்வளவு சுகமான வண்டி எண்டால் நீங்களே ஏறி நில்லுங்கோ," என்றேன். "கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நில்லுங்கோ. அதுக்குக் கை இல்லை."

வீம்புக்காரர், ட்ரெயிலரில் ஏறினார். கதவைச் சாத்தினேன். முக்காலியை வைத்து ஏறிச் சாரதி இருக்கையில் இருந்தேன். மகள் வேண்டாம் அம்மா, வேண்டாம் அம்மா என்றபடி பக்கத்தில் வந்து இருந்தாள். லாயத்துக்குள் இருக்கும் மண்பாதைதான், நடக்கிற வேகம்தான். வண்டி அசைந்ததுமே பின்னால் கதவில் தொம்மென்று ஒரு சத்தம். பாதை முடிவில் பிரேக் போட, முன்பக்கம் இன்னொரு சத்தம். திரும்பி வந்து கதவைத் திறந்தேன். இரண்டு கையாலும் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையெல்லாம் வைக்கோலோடு நின்றார். என்னையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. இறங்கி நேரே குதிரையிடம் போய் அதன் கழுத்தைக் கொஞ்ச நேரம் தடவினார்.

அந்தக் கிழமையே கராஜுக்குக் கொண்டுபோய்க் கட்டைகளைக் கழற்றி, சாதாரண டயர் போட்டார். சனிக்கிழமை மகளை ஏற்றப் போனோம். அவள் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். முன் சீட்டில் ஏறினாள். பாலம் வருவதற்கு முன்னமே கதை தொடங்கிவிட்டது. குதிரை இரண்டு சனிக்கிழமை யோசித்து, பிறகு ஏறியது.

அப்படியே சில வருடங்கள் போயின. பிறகு மகளுக்கு மேற்கே, அல்பேர்டாவில் வேலை கிடைத்தது. அவ்வளவு தூரம் நீங்கள் ஓட்டவேண்டாம் அப்பா என்று குதிரைகள் ஏற்றும் பெரிய வண்டி ஒன்றை ஒழுங்குபண்ணினாள். அது புறப்படுமுன் இவர் குனிந்து, அதன் தளம் சமமாக இருக்கிறதா என்று பார்த்தார். ட்ரெயிலரை லாயக்காரியே வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் பின் கொட்டிலைத் துப்புரவாக்கும்போது, பேப்பரில் சுற்றிய அந்த இரும்புக் கட்டைகள் அகப்பட்டன. இவர் முன்னால் கொண்டுவந்து போட்டேன். இனி ஆர் கேட்கப்போகினம், திரும்பப் பூட்டுங்கோ, சாமி தேரில் ஏறட்டும் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். இவர் ஜன்னலுக்கால் பிக்கப்பைப் பார்த்தார்.

"வேண்டாம், அப்பிடியே இருக்கட்டும்," என்றார். "பிள்ளை குதிரையோடை வந்தாலும் வருவாள்."