குதிகாலில் தடவிய எண்ணெய்

என் மகள் பிறந்தபோது அவளுடைய இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி இருந்தது. கிளப் ஃபுட் என்றார் டாக்டர். வாரம் ஒன்றாக ஆறு மாவுக்கட்டு போட்டதில் பாதம் நேரானது. அதன் பிறகு பிரேஸ். ஒரு கம்பியின் இரு முனைகளிலும் பட்டை வைத்த இரண்டு குட்டி ஷூக்கள். மூன்று மாதத்துக்கு நாளில் இருபத்து மூன்று மணி நேரம் அது காலில் இருக்க வேண்டும். குளிக்க மட்டும் ஒரு மணி நேரம் கழற்றலாம்.

"விட்டுட்டீங்கன்னா கால் பழையபடி திரும்பிடும்மா. மறுபடியும் கட்டுதான்" என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அதைச் சாதாரணமாகக் கேட்கவில்லை.

எம்.எஸ்ஸி. படித்தவள் நான். அவர்கள் கொடுத்த அச்சுத் தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். குளியல் நேரத்துக்கு அலாரம் வைத்தேன். இரண்டாவது வாரம் குதிகாலில் ஒரு சிவப்பு. தாளைப் பார்த்தேன். சிவந்த இடத்தில் லோஷன் தடவக் கூடாது என்று இருந்தது. பரிசாக வந்த பேபி லோஷனை உடனே எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, தேங்காய் எண்ணெயைத் தொட்டுக் குதிகாலில் நன்றாகத் தேய்த்தேன். எண்ணெயை லோஷனோடு சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. பிறந்த நாளிலிருந்து அவள் உடம்பில் படுவதுதானே அது.

மறுநாள் சிவப்பு பெரிதானது. ஷூவுக்குள் குதிகால் மேலே வழுக்கிக்கொண்டே வந்தது. இறுக்கம் அதிகமோ என்று ஷூவின் பட்டையை ஒரு துளை தளர்த்தினேன். மேலும் எண்ணெய். மூன்றாம் நாள் ஒரு கொப்புளம். அன்று மதியம் அவள் கதறிய கதறலில் ஷூவையே கழற்றிவிட்டேன். பத்து நிமிடம் என்று நினைத்தது மாலை வரை நீண்டது. அவள் நிம்மதியாகத் தூங்கினாள். நான் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே திரும்புகிறதா? முந்தைய நாளும் இப்படித்தான் இருந்ததா? கணவர் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் ஷூவை மாட்டிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவளைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் பிரேஸ் செய்து தரும் கடைக்கு ஓடினேன். பெஞ்சில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சட்டைக்கு மேல், அக்குளிலிருந்து இடுப்பு வரை கெட்டியான பிளாஸ்டிக் கூடு.

"முதுகெலும்பு வளைஞ்சிருக்கு ஆன்ட்டி. அதுக்குத்தான் இது. இன்னும் ரெண்டு வருஷம்" என்றாள். என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, அந்தக் கூட்டைத் தட்டிக் காட்டினாள். "கிளாஸ்ல யாராவது முதுகுல குத்துனா அவங்க கைதான் வலிக்கும்."

சிரித்தேன். இரண்டு வருடம் என்பதுதான் காதில் நின்றது.

பிரேஸ் செய்பவர் குழந்தையின் ஷூவைக் கழற்றி, குதிகாலைக் கட்டைவிரலால் தொட்டு, விரலை முகர்ந்தார்.

"எண்ணெயா மேடம்?"

"தேங்காய் எண்ணெய்தான் சார். லோஷன் போடலை."

"இதுக்கு லோஷனே தேவலாம்" என்று தலையில் கை வைத்தார். "எண்ணெய் போட்டா தோல் ஊறிடும், கால் வழுக்கும். வழுக்கிட்டே இருந்தா உரசும். கொப்புளம் வராம என்ன பண்ணும்? பட்டையையும் லூஸ் பண்ணிட்டீங்களா?"

"சிவந்திருந்துச்சே..."

"சிவந்தா டைட் பண்ணணும். குதிகால் ஆடாம உட்காரணும்."

பாதத்தை மேலே மடக்கிப் பார்த்தார். "பாதம் சரியா மடங்கலை, கொஞ்சம் டைட்டா இருக்கு. டாக்டர்கிட்ட இப்பவே காட்டிடுங்க" என்றார்.

இரண்டு தெரு தள்ளித்தான் டாக்டர். அந்த இரண்டு தெருவில், ஆறு கட்டுகளையும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். டாக்டர் கொப்புளத்துக்கு மருந்து வைத்து மூடினார். பாதத்தை மடக்கினார், வெளியே திருப்பினார், மீண்டும் மடக்கினார்.

"எத்தனை நேரம் கழட்டி வச்சீங்க?"

பொய் வாய் வரை வந்தது. "நேத்து மதியத்துலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். அதுக்கு முந்தின நாள்லேர்ந்தே பட்டை லூஸா இருந்துச்சு" என்றேன்.

"இப்போதைக்குக் கட்டு வேணாம். இன்னும் ஒரு வாரம் இப்படியே விட்டிருந்தா வேண்டியிருக்கும். நீங்களே மாட்டுங்க, பார்க்கிறேன்."

மாட்டினேன். இன்னொரு துளை என்றார். அவள் வீறிட்டாள். இன்னொரு துளை இழுத்தேன்.

திரும்பும் ஷேர் ஆட்டோவிலும் அழுகை நிற்கவில்லை. பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது, கொயந்த கால்ல இப்டி மாட்டி வச்சிகீற? கொஞ்சம் லூசு பண்ணி வுடு. வூட்டுக்குப் போயி மாட்டிக்கலாம்."

"கூடாதுக்கா. டாக்டர் சொல்லியிருக்கார்."

"டாக்டரா அழுதுகினு கீறாரு? படிச்ச பொண்ணுங்களுக்கு மனசே இருக்காது போல."

அவர் சொல்வது சரியோ, அளவுக்கு மீறி இழுத்துவிட்டேனோ என்று சேலையூர் வரை மனம் அடித்துக்கொண்டது. ஒருமுறை கை பட்டை வரை போனது. கையை இழுத்துக்கொண்டேன். கேம்ப் ரோட்டில் அவர் இறங்கிய பிறகு, குழந்தை விக்கி விக்கித் தூங்கிப்போனாள். கணவருக்கு போன் செய்து, நேற்று மதியத்திலிருந்து நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.